பால்தசார் ஏன் ஊரை விட்டுப் போனான்?

கல்லறைத் தோட்டத்தில் அழுகைச் சத்தம் கேட்பது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் உயிரோடு இருக்கிற ஒருவருக்காக அங்கே உட்கார்ந்து ஒரு பெண் தேம்பித் தேம்பி அழுதால்...?

ஃபால்கோ பூவாளியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டான். ஜூன் மாத வெயிலில் கல்லறைச் செடிகள் வாடிவிடக் கூடாது என்று ஹாஸல்குருண்ட் ஊரில் ஆளுக்கொரு நாள் முறை வைத்துத் தண்ணீர் ஊற்றுவார்கள். புதன்கிழமை அவன் முறை.

அந்தப் பெண் முழங்காலிட்டிருந்தாள். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் கல்லில் படிந்த பாசியைத் தேய்த்தாள். நாலு தேய்ப்பு... ஒரு விசும்பல். மறுபடி நாலு தேய்ப்பு... இன்னொரு விசும்பல். கணக்குத் தப்பவே இல்லை.

"ஏங்க... அது யாரோட கல்லறைன்னு தெரிஞ்சுதான் அழறீங்களா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

அந்தக் கண்கள்! தேன் நிறம் என்று சொன்னால் தேன் கோபித்துக்கொள்ளும். அழுது சிவந்திருந்த நிலையிலேயே இப்படியென்றால், சிரித்தால் எப்படியிருக்கும் என்று யோசித்த ஃபால்கோ, பூவாளி சாய்ந்து தன் காலணிக்குள் தண்ணீர் போவதைக் கவனிக்கவில்லை.

"எங்க வம்சத்து ஆளு. வெண்டல் ஷூக்மன். பாவம்... பொறந்த வருஷம் மட்டும் போட்டிருக்கு. செத்த வருஷத்த எழுதக்கூட ஒரு நாதி இல்ல. ஒரு மனுஷன இப்படியா அம்போன்னு விடுவீங்க?"

"அவர் இன்னும் சாகல."

"என்னது?"

"அவர் சம்சாரம் போனப்ப கல் வெட்டினாங்க. அப்பவே தன் பேரையும் சேத்து வெட்டிக்கிட்டார். பாக்கி அந்த ஒரு வருஷம்தான். இங்க நெறைய பேர் அப்படித்தான் செய்வாங்க. ரெண்டாந்தடவ கல்தச்சனைத் தேடிட்டு அலைய வேணாம் பாருங்க."

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் வேலிக்குப் பின்னாலிருந்து ஒரு கரகரத்த குரல் வந்தது.

"யாரு தாயி என் கல்லத் தேய்க்கிறது? நல்லா இருக்கு. அப்படியே அந்த எடது மூலையையும் தேச்சிடு. என்னால குனிய முடியல!"

எண்பத்தொரு வயது வெண்டல் ஷூக்மன், தொப்பியும் கைத்தடியுமாக நடந்து வந்தார். அந்தப் பெண் எழுந்த வேகத்தில் பிரஷ் ஒரு பக்கம் பறந்தது, அவள் ஒரு பக்கம் தடுமாறினாள். ஃபால்கோ கையை நீட்டினான். அவள் அந்தக் கையைப் பிடிக்காமல் வெண்டல் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சிடுங்க பெரியவரே. நீங்க செத்துட்டீங்கன்னு நெனச்சேன்."

"பரவால்லம்மா. பல பேர் அப்படித்தான் நெனக்கிறாங்க. ஆனா யாரும் அழல. நீ ஒருத்திதான் அழுதிருக்கே."

அவள் பெயர் லோவானி ஷூக்மன். பிரேசிலின் தெற்கு மலைப்பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் சரித்திர டீச்சர். இருநூறு வருஷத்துக்கு முன்னால் இந்த ஊரிலிருந்து கிளம்பிப் போன பால்தசார் ஷூக்மனின் பேரனுக்குப் பேரனுக்குப் பேத்தியோ என்னவோ. அவள் பேசியது இந்த ஊர்ப் பேச்சுதான். ஆனால் கப்பலேறிப் போன நாளிலிருந்து கொஞ்சமும் மாறாத பேச்சு.

"ஆகாயக் கப்பல்ல பன்னெண்டு மணி நேரம் உக்காந்து வந்தேன்" என்றாள்.

ஃபால்கோவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஆகாயக் கப்பலா?"

"ஏன், நீங்க எப்படிச் சொல்வீங்க?"

"விமானம்."

"ஓ... படிச்சவரு!" என்று உதட்டைச் சுழித்தாள். "சரி, படிச்சவரே, பழைய கல்லறையெல்லாம் எங்க? பால்தசாரோட அப்பா, அம்மா, தாத்தா?"

"இல்ல."

"இல்லன்னா?"

"முப்பது வருஷம்தான். அப்புறம் கல்ல எடுத்துட்டு எடத்த அடுத்தவங்களுக்குக் குடுத்துடுவோம்."

"முன்னோர்களையா காலி பண்றீங்க?!"

"அவங்க ஒண்ணும் சொல்றதில்லையே."

"எங்க ஊர்ல பொதச்சா பொதச்ச எடம்தான்!"

"எங்களுக்கு எடம் கம்மிங்க."

"அதான் எங்க ஆளு கெளம்பிட்டாரு போல. நல்லவேளை!"

அவள் பிரஷ்ஷைப் பொறுக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். வெண்டல் மாமா அவளைப் பார்த்தார். பிறகு ஃபால்கோவைப் பார்த்தார். பிறகு ஃபால்கோவின் காலைப் பார்த்தார்.

"டேய், உன் செருப்புக்குள்ள பூச்செடியா வளக்கறே?" என்றவர், அவளைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "தாயி! நில்லு! பழைய காகிதமெல்லாம் இருக்கிற அறையோட சாவி இவங்கிட்டதான் இருக்கு!"

போன வேகத்திலேயே அவள் திரும்பி வந்தாள். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. கை மட்டும் சாவி கேட்டு நீண்டிருந்தது.

வியாழக்கிழமை காலை இருவரும் தீயணைப்பு வண்டி நிற்கும் கொட்டகையின் மாடியில் உட்கார்ந்திருந்தார்கள். ஃபால்கோ தொழிலால் தச்சன், ஜன்னல் செய்பவன். ஒரு குளிர்காலம் பூராவும் மாலை வகுப்புக்குப் போய் அந்தக் காலத்துக் கோணல்மாணல் கையெழுத்தைப் படிக்கக் கற்றிருந்தான். ஊரில் வேறு யாருக்கும் அந்தப் பொறுமை இல்லாததால் காகித அறை அவன் தலையில் விழுந்தது. ஒரே ஒரு மேஜை, ஒரே ஒரு விளக்கு. ஆகவே பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார வேண்டியிருந்தது. இதுவரை அந்த மேஜை இவ்வளவு சின்னது என்று அவன் கவனித்ததில்லை. அதற்காக வருத்தப்படவும் இல்லை.

"உங்களுக்கு என்னதான் தெரியணும்?" என்று கேட்டான்.

"பால்தசார் ஏன் போனார்னு தெரியணும்." அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "எங்க அப்பா ஒரு கத சொல்வார். இந்த நாட்டுப் பிரபுவைக் கன்னத்துல ஒண்ணு விட்டுட்டு, உருவின வாளோட காட்டு வழியா ஓடி வந்தாராம். அடுத்த மாசம் எங்க குடும்ப விழா. நானூத்திப் பன்னெண்டு பேர் வர்றாங்க. பெரிய அத்த எல்லாருக்கும் சட்டை அச்சடிச்சிட்டாங்க. முன்பக்கம் வாள் படம்."

"நல்ல கததானே?"

"நல்ல கததான். ஆனா எங்க வம்சத்துல ஒரு கோழிய அதட்டற தைரியம்கூட யாருக்கும் கெடையாது ஃபால்கோ! அந்த வாளு எங்கிருந்து வந்துச்சு? வகுப்புல பிள்ளைங்க கேக்கும், 'டீச்சர், நம்ம ஆளுங்க ஏன் இங்க வந்தாங்க?'ன்னு. சரித்திரம் சொல்லிக் குடுக்கறவ நான்... எனக்கே என் சரித்திரம் தெரியாது. ஒவ்வொரு வருஷமும் தல குனிஞ்சு நிக்கறேன். ஞாயித்துக்கிழம சாயங்காலம் பஸ் ஏறணும். அதுக்குள்ள தெரிஞ்சாப் போதும். அது அசிங்கமா இருந்தாக்கூடப் பரவால்ல."

அசிங்கமாக இருந்தால்கூட... அந்த வார்த்தை அவன் மனசில் பதிந்தது. பதிந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை, ஊர்ச்சபைக் குறிப்பேட்டில் அந்தப் பக்கம் திறந்துகொண்டது.

பால்தசார் ஷூக்மன். நெசவுக் கூலி. படிக்கப் படிக்க ஃபால்கோவின் காது மடல் சிவந்தது. வாளும் இல்லை, பிரபுவும் இல்லை. அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்து ஊர்களில் இல்லாதப்பட்டவன் கல்யாணம் செய்ய வேண்டுமென்றால் ஊர்ச்சபை சம்மதிக்க வேண்டும். பால்தசார் கேட்டிருக்கிறான். ஒரு தடவையல்ல, மூன்று தடவை. மூன்று தடவையும் ஊர் முடியாது என்றிருக்கிறது. ஒவ்வொரு மறுப்புக்கும் கீழே ஒரே கையெழுத்து, கொட்டை கொட்டையாக: கிறிஸ்டோஃப் ஆரஸ், ஊர்த்தலைவர்.

ஃபால்கோவின் முழுப்பெயர் ஃபால்கோ ஆரஸ். கிறிஸ்டோஃப் அவனுடைய நேர் மூதாதை. ஊர்க்கூடத்தில் கன்னமீசையோடு மாட்டியிருக்கும் எண்ணெய் ஓவியம் அவருடையதுதான்.

"என்ன போட்டிருக்கு?" லோவானி எட்டிப் பார்த்தாள். அவள் கூந்தல் அவன் தோளில் பட்டது.

"ஆடு" என்றான்.

"என்ன ஆடு?"

"யாரோட ஆடோ... யாரோ ஒருத்தர் தோட்டத்துல மேஞ்சிருக்கு. பெரிய தகராறு." பக்கத்தைப் புரட்டினான்.

ஏன் அப்படிச் செய்தான்? அவமானம்தான், வேறென்ன என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டான். இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவன் தனக்குள்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

அன்று மாலை அம்மாவிடம் சொல்லிவிட்டான். அவன் அம்மா கெர்லிண்டே ஆரஸ்தான் இப்போது ஊர்த்தலைவி. உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"வாயத் தெறந்தே, தெரியும் சேதி! ஞாயித்துக்கிழம அந்தப் பொண்ணுக்கு வரவேற்பு. கேக் மட்டும் பதினாலு வருது. தீயணைப்புப் படை பேண்டு ராப்பகலா ஒத்திகை பாக்குது. நான் மூணு பக்கத்துக்குச் சுதந்திரம், வீரம்னு எழுதி வெச்சிருக்கேன்!"

"பொய்தானேம்மா அது?"

"விருந்தாளிக்குக் கேக் குடுத்துட்டு, 'இந்தாம்மா, எங்க முப்பாட்டனார்தான் உங்க முப்பாட்டன் கல்யாணத்த நிறுத்தினவர், காப்பிக்குச் சக்கர வேணுமா?'ன்னா கேக்கச் சொல்றே? அவ ஊருக்குப் போனப்புறம் கடுதாசி போடு."

"அவ நேர்ல கேக்கறா."

கெர்லிண்டே மகனை ஏற இறங்கப் பார்த்தாள். முப்பத்திரண்டு வயது. இதுவரை ஜன்னல் சட்டத்தைத் தவிர வேறெதையும் இப்படி ஏக்கமாகப் பார்த்ததில்லை.

"ஓஹோ..." என்றாள். அந்த ஓஹோவுக்கு மூன்று பக்கம் தேவைப்படவில்லை.

வெள்ளிக்கிழமை மழை. சாதாரண மழையா? மலைச்சரிவு முழுக்க ஆப்பிள் மரங்கள் தலைகவிழ்ந்து நிற்க, ஓட்டின்மேல் தடதடவென்று கொட்டுகிற மழை. காகித அறைக் கூரை ஒழுகியது. ஒரு வாளி வைத்தார்கள். இன்னோர் இடத்தில் ஒழுகியது. தீயணைப்பு வீரரின் தலைக்கவசத்தைக் கவிழ்த்து வைத்தார்கள். கடைசியில் காகிதங்கள் நனையாமல் இருக்க ஒரே குடைக்குக் கீழே இருவரும் உட்கார்ந்து படிக்கும்படி ஆயிற்று.

"உங்க ஊர்ல ஜன்னல் செய்யறவர் இருக்கார். கூர செய்யறவர் இல்லையா?"

"இருக்கார். கல்லறைக்குக் கல் மட்டும் முன்கூட்டியே ரெடி பண்ணிட்டு, கூரைய அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு விட்டுட்டார்."

அவள் சிரித்தாள். புதன்கிழமை அவன் யோசித்தது சரிதான். சிரிக்கும்போது அந்தக் கண்கள் இரண்டு மடங்கு... அவன் வரியைத் தவறவிட்டான்.

"இன்னிக்காவது நல்ல சேதி இருக்கா?" என்று கேட்டாள்.

"கோழி" என்றான் பரிதாபமாக.

"நேத்து ஆடு. இன்னிக்குக் கோழி. நாளைக்கு மாடு வருமா?"

"வரலாம்."

அவன் கீழே போய் இரண்டு கோப்பை காப்பி வாங்கிக்கொண்டு திரும்பியபோது அவள் ஜன்னல் ஓரம் நின்றிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"என்னாச்சு?"

"தூசி."

"மழைல ஏது தூசி?"

"உங்க ஊர்த் தூசி. மழைக்கெல்லாம் அடங்காது" என்று காப்பியை வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. அவன் வாயிலிருந்து வரப்போகும் ஏதோ ஒன்றுக்காகக் காத்திருப்பவளைப்போல அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபால்கோவுக்கு வந்தது மாடுதான்.

சனிக்கிழமை மதியம் ஊர் மதுக்கடையில் வெங்காயத்தில் ஊறிய பாலாடைக்கட்டியும் ஆப்பிள் ஒயினும் எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். லோவானி கோப்பையைச் சுழற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஃபால்கோ, ஒரு ஆளுக்கு உண்ம தெரியும். தெரிஞ்சும் சொல்லல. அதுக்கு என்ன பேரு?"

அவனுக்கு வெங்காயம் தொண்டையில் சிக்கியது. "மரியாதையா... இருக்கலாம்."

"கோழத்தனமாவும் இருக்கலாமில்ல?"

இப்போது சொல்லிவிடு என்று மனசு கத்தியது. அம்மாவின் பதினாலு கேக் கண்முன் வந்து நின்றது. கன்னமீசை கிறிஸ்டோஃப் வந்து நின்றார். எல்லாருக்கும் பின்னால் ஞாயிற்றுக்கிழமைப் பஸ் வந்து நின்றது.

"இருக்கலாம்" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

"சரிங்க." லோவானி எழுந்தாள். அதுவரை ஃபால்கோ என்று பேர் சொல்லிக் கூப்பிட்டவள், "உங்க ஒத்தாசைக்கு ரொம்ப நன்றி, ஆரஸ் அவர்களே" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். ஆரஸ் அவர்களே...! அந்த 'அவர்களே' அவன் நெஞ்சில் ஆணியாக இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஊர்க்கூடம் நிரம்பி வழிந்தது. பேண்டுக்காரர்கள் ஊதினார்கள். பதினாலு கேக்கில் ஒன்பது ஏற்கெனவே காலி. லோவானி நீலக் கவுனில் முதல் வரிசையில் நேராக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் பெட்டி, ஐந்து மணி பஸ்ஸுக்குத் தயாராக. ஃபால்கோவின் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

கெர்லிண்டே மேடையேறினாள். "சுதந்திரத்துக்காக வாள் ஏந்திய இந்த மண்ணின் மைந்தன் பால்தசார்..." என்று ஆரம்பித்தாள். கைதட்டல். லோவானி எழுந்து, தன் குடும்பத்தின் பரிசாக வாள் படம் போட்ட சட்டையை நீட்டினாள். அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை. நாலு நாள் பார்த்த கண் அல்லவா? அவனுக்கு வித்தியாசம் தெரியாதா? இந்தப் பொய்யோடு அவளை அனுப்பினால் அந்தக் கண் மறுபடி தன்னைப் பார்க்கவே பார்க்காது என்று ஃபால்கோவுக்கு அந்த நிமிஷம் உறைத்தது.

எழுந்துவிட்டான்.

"அம்மா, நிறுத்து."

கெர்லிண்டே முறைத்தாள். "கேக் வேணும்னா அப்புறம் சாப்பிடுடா."

"அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம். நான் சொல்லிடறேன்." மேடையிலிருந்து அம்மா கையை ஆட்டித் தடுத்தாள். ஆனாலும் அவன் நிற்கவில்லை. "ஆயிரத்து எண்ணூற்று இருபத்தொன்று. பால்தசார் ஷூக்மன், ஏவா காத்தரீனாவை மணக்க அனுமதி கோருகிறான். அவன் சொத்து, ஆடு ஒன்று. அவள் சொத்து ஏதுமில்லை, நன்றாகப் பாடுவாள். இவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் ஊருக்குப் பாரம். சபை மறுக்கிறது."

பேண்டில் யாரோ ஊதுகுழலை மெல்லக் கீழே வைத்தார்.

"இருபத்து மூன்று. மறுபடி கோருகிறான். ஆடு இரண்டு. பிள்ளை ஒன்று. சபை மறுக்கிறது. இருபத்தாறு. மறுபடியும் வந்து நிற்கிறான். ஆடுகள் செத்துவிட்டன. பிள்ளைகள் மூன்று. இவனுக்கு வெட்கமில்லை என்று சபை குறித்துக்கொள்கிறது. மறுக்கிறது." அவன் மூச்சு வாங்கினான். "இருபத்தேழு. இந்த முறை கல்யாணத்துக்கு அனுமதி கேட்கவில்லை. ஐந்து பேரும் பிரேசில் போக அனுமதி கேட்கிறான். சபை ஒருமனதாக, அன்றைக்கே, சம்மதிக்கிறது." சுவரில் மாட்டியிருந்த கன்னமீசையைக் காட்டினான். "நாலுக்கும் கையெழுத்து போட்டவர் அதோ... எங்க கொள்ளுத் தாத்தாவுக்கெல்லாம் தாத்தா. வியாழக்கிழமையே படிச்சிட்டேன். மறைச்சிட்டேன். லோவானி, அந்த ஆடு யாரோட ஆடோ இல்ல. உங்க ஆடு."

லோவானி மெதுவாக எழுந்து நின்றாள்.

"எங்க ஊர்க் கோயில் பதிவேட்டுல முதல் கல்யாணமே அவங்களோடதுதான்" என்றாள். "எறங்கின மறுநாளே. மூணு பிள்ளைங்களும் சாட்சி. எழுதினவன் தப்பா எழுதிட்டான்னு இத்தன வருஷமா நெனச்சிட்டிருந்தோம். மூணு பிள்ளையோட எவன் புதுசா கல்யாணம் பண்ணுவான்னு..." அவள் கண்ணீரும் சிரிப்புமாக அந்தச் சட்டையைச் சுருட்டினாள். "வாளும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த மனுஷன் இவளோட சேந்து வாழணும்னு கடலத் தாண்டியிருக்கான்! நானூத்திப் பன்னெண்டு பேரு... அவன் விடாப்பிடியா நின்னதால பொறந்தவங்க நாங்க!"

வெண்டல் மாமா மூக்கைச் சிந்தினார். பெண்கள் பக்கம் கைக்குட்டைகள் வெளியே வந்தன. எல்லார் கண்ணும் ஊர்த்தலைவியின்மேல் இருந்தது. கெர்லிண்டே தன் மூன்று பக்கத்தையும் நாலாக மடித்துக் கைப்பைக்குள் திணித்தாள். ஓவியத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"பேண்டுக்காரங்க ரெண்டு பேர் இங்க வாங்க. அந்த ஆளச் செவுத்தப் பாக்கத் திருப்பி வைங்க" என்றாள். வைத்தார்கள். பிறகு தொண்டையைச் செருமினாள். "ஊர்த்தலைவிங்கற முறைல கேக்கறேன். பால்தசார் ஷூக்மன், ஏவா காத்தரீனா கல்யாணத்துக்கு ஹாஸல்குருண்ட் ஊர் சம்மதிக்குதா? சம்மதிக்கறவங்க கை தூக்குங்க!"

கூடம் முழுக்கக் கைகள். பின்வரிசையில் தபால்காரர் மட்டும், "ஆடு செத்துப்போச்சே, சொத்துன்னு என்ன காட்டுவாங்க?" என்று இழுத்தார். அவர் மனைவி அவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். பேண்டுக்குக் கல்யாண இசை தெரியாது. தெரிந்த ஒரே தீயணைப்பு அணிவகுப்பையே கண்ணை மூடிக்கொண்டு ஊதினார்கள்.

அந்த ஆரவாரத்தில் ஃபால்கோ திரும்பிப் பார்த்தபோது முதல் வரிசை நாற்காலி காலி. பெட்டியையும் காணோம்.

அவன் ஓடினான். பஸ் நிறுத்தத்தில் அவள் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலேயே வெண்டல் மாமா. அவளை வழியனுப்ப வந்தவர், கையில் ஒரு தட்டு நிறைய கேக்.

"மன்னிச்சிடுங்க" என்றான் மூச்சிரைக்க. "அம்மா சொன்னாங்கன்னு பழிபோட மாட்டேன். நான்தான் மறைச்சேன்."

"தெரியும்."

"இப்பச் சொன்னேனே, அதனால..."

"வெள்ளிக்கிழமையே தெரியும்." அவள் நிமிர்ந்தாள். "நீங்க காப்பி வாங்கப் போனப்ப நான் அந்தப் பக்கத்தப் படிச்சிட்டேன்."

"நீங்களா? அந்தக் கையெழுத்து..."

"எங்க வீட்டுப் பெட்டி நெறைய பழைய கடுதாசி இருக்கு. எட்டு வயசுலேருந்து படிக்கறேன். உங்களவிட வேகமாப் படிப்பேன்!"

"அப்ப எதுக்கு என்னப் படிக்கச் சொல்லி மூணு நாள்..."

அவள் சட்டென்று வேறு பக்கம் பார்த்தாள். கன்னத்தில் சிவப்பு ஏறியது. "நீங்க படிச்சுக் காட்டினா... கேக்க நல்லா இருந்துச்சு."

ஃபால்கோவுக்கு ஊரே ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. அவள் விடவில்லை. கோபம் இன்னும் மிச்சமிருந்தது.

"தெனமும் காத்திருந்தேன். இப்ப சொல்வார், இப்ப சொல்வார்னு. ஆடு வந்துச்சு, கோழி வந்துச்சு, மாடு வந்துச்சு! உங்க முப்பாட்டன் கௌரவம் அவ்வளவு பெருசா?"

"அவர் இல்ல காரணம்!" அவன் கத்தியேவிட்டான். எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. அவன் செய்த ஜன்னல்தான், சத்தமே வரவில்லை. "அவரப் பத்தி எனக்கென்ன? அந்தப் பக்கத்தக் காட்டினா... உங்களுக்கு வந்த வேலை முடிஞ்சிடும். முடிஞ்சா போயிடுவீங்க. போகாம இருக்கணும்னு... ஒரு நாளாவது கூட இருக்கணும்னு..."

அத்தோடு நின்றான். அவள் பெட்டியிலிருந்து எழுந்தாள். மலைத் திருப்பத்தில் பஸ் தெரிந்தது.

வெண்டல் மாமா வாயிலிருந்த கேக்கை விழுங்கினார்.

"ஏண்டா, அந்த மனுஷன் சோத்துக்கே வழியில்லாம மூணு தடவ போய்க் கேட்டான். ஊரே மொறச்சுது, அப்பவும் கேட்டான். உன்ன எவன் தடுத்தான்? ஒரு தடவ கேக்க உனக்கு நாலு நாளா?"

பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. ஓட்டுநர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"லோவானி..." என்றான் ஃபால்கோ. "எனக்கு உன்ன ரொம்பப் பிடிச்சிருக்கு. நீ அந்தக் கல்லத் தேச்சுக்கிட்டு அழுதப்பவே பிடிச்சுப்போச்சு. இது காதல்தான். வேற எதுவும் இல்ல."

அவள் அவனைப் பார்த்தாள். அந்தக் கண்களில் இப்போது சிரிப்பு இருந்தது. நனைந்த, நிஜமான சிரிப்பு.

"நாலு நாள்ல இப்பதான் நீ ஒரு வரிய ஒழுங்காப் படிச்சிருக்கே" என்றாள். அவள் வாயிலிருந்து அந்த 'நீ' முதல் முறையாக வந்தது.

"நீ...?"

"நானும்தான், மடையா. இல்லன்னா கோழிக் கதயெல்லாம் எவ கேப்பா?" அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள், இந்த முறை அவன் கையைத்தான். "அடுத்த மாசம் வா. நானூத்திப் பன்னெண்டு பேர் முன்னாடி அந்தப் பக்கத்த நீதான் படிக்கணும்."

"ஆரஸ்னு பேரச் சொன்னா அடிக்க மாட்டாங்களா?"

"மொதல்ல சாப்பாடு போடுவாங்க. அப்புறம் பாத்துக்கலாம்."

ஓட்டுநர் ஹாரன் அடித்தார். "ஏம்மா, ஏறுறியா இல்லையா?"

லோவானி ஃபால்கோவைக் கேட்டாள். "நாளைக்குக் காலைல பஸ் எத்தன மணிக்கு?"

"ஆறு அஞ்சுக்கு."

"ஆகாயக் கப்பல் நாளைக்கு ராத்திரிதான்" என்று ஓட்டுநரிடம் சொன்னாள். "நீங்க போங்கண்ணே. நான் நாளைக்கு வர்றேன்."